ஏழில் ஒன்று காலி
தெருவோரம் – 9

மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. மேற்கே இறங்கினால் ஸ்டேஷன் ரோடு. கே.கே.நகர், அசோக் நகர், வடபழனிப் பக்கமிருந்து தி.நகருக்குத் துணி எடுக்கப் புறப்படுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கமே போவதில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏதாவது ஒரு தெருவில் டூ வீலரை விட்டுவிட்டு, ஸ்டேஷன் படியேறி ரயில் பாதையைக் கடந்துவிடுகிறார்கள். 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர், வெயில் படாமல், வண்டி இடிக்காமல் நடக்கலாம்.

கடை இருப்பது கிழக்கே, வண்டி நிற்பது மேற்கே. போன வாரம் நடைபாதையைப் பற்றிப் பேசியபோது, "நடைபாதை கிடக்கட்டும், வண்டியை எங்கே நிறுத்துவது?" என்று கேட்ட மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு முதல் பதில் இதுதான். உங்கள் தெருவில் நிற்கும் வண்டிகளில் ஒரு பங்கு உங்கள் தெருவுக்கு வந்ததே அல்ல. அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் "இடம் போதவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. யாருக்குப் போதவில்லை, எந்த நேரத்தில் போதவில்லை என்று கேட்க வேண்டும்.

இந்தப் பேட்டை வளர்ந்த விதத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஸ்டேஷனுக்கு நடந்துபோய், ரயிலேறி, ஆபீஸ் போய்த் திரும்புகிற குடும்பங்களுக்கு ஏற்ற அளவில் அமைந்த தெருக்கள் இவை. பல தெருக்களின் அகலம் இருபது, முப்பது அடிதான். இருபது அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது ஆறேழு அடி. அதில் ஆம்புலன்ஸ் நுழையாது. முப்பது அடித் தெருவில் நுழையும், ஆனால் எதிரே ஒரு குட்டி யானை லாரி வராமல் இருக்க வேண்டும்.

சரி, இடத்தை எப்படி எண்ணுவது?

ஒரு டேப்பும் நோட்டும் போதும். கணக்குக்காக நூறு மீட்டர் தெருவின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் திருப்பத்துக்காகப் பத்துப் பத்து மீட்டர் விட வேண்டும். ஆறு கேட்டுகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மீட்டர் என்று இருபத்தோரு மீட்டர் போய்விடும். மின்வாரியப் பெட்டி, குப்பைத் தொட்டி, இஸ்திரி வண்டி எல்லாமாக ஒன்பது மீட்டர். மிச்சம் ஐம்பது. ஓரத்தை ஒட்டி ஒரு கார் நிற்கவும் வெளியே எடுக்கவும் ஏறக்குறைய ஆறு மீட்டர் தேவை. ஆக, எட்டுக் கார். அதே நீளத்தில் டூ வீலர்களைக் குறுக்காக நிறுத்தினால் ஐம்பது நிற்கும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 5 மீட்டருக்கு 2.5 மீட்டரும், ஒரு டூ வீலருக்கு 1.8 மீட்டருக்கு 1 மீட்டரும் கேட்கின்றன. பரப்பில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம். காருக்கு எவ்வளவு, டூ வீலருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத எந்தத் திட்டத்தையும் நான் நம்புவதில்லை.

இதிலும் ஒரு கழிவு உண்டு. கேட்டுக்கு வெளியே சரிவு மேடை போட்டு, அதன் ஓரத்தில் பூந்தொட்டி, அதற்கப்பால் மணல் மூட்டை, அதற்கும் அப்பால் சங்கிலி கட்டிய "நோ பார்க்கிங்" பலகை. கேட்டை மறிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நியாயமான உரிமை. ஆனால் மதில் சுவருக்கு முன்னால் இருக்கும் தெரு அவருடையது அல்ல, மாநகராட்சியுடையது. இப்படி அடைத்து வைத்த இடங்களைத் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் தெருவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே தெரியாது.

இடம் ஒரு முறை எண்ணினால் முடிந்தது. வண்டி அப்படி இல்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அரை மணிக்கு ஒரு முறை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை, ஒரே வழியில் நடக்க வேண்டும். நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் குறிக்க வேண்டும். போக்குவரத்துப் பொறியாளர்கள் உலகம் முழுக்கச் செய்வது இதைத்தான். ஒரே எண் அடுத்த சுற்றிலும் இருந்தால் வண்டி நகரவில்லை. எட்டுச் சுற்றில் இருந்தால் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது. எத்தனை வண்டி வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஓர் இடம் நாளில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதெல்லாம் இந்த ஒரு நோட்டிலிருந்தே கிடைத்துவிடும். எண்களை வேறெதற்கும் பயன்படுத்தாமல் கணக்கு முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஆர்ய கௌடா சாலையில் காய்கறி வாங்க நிறுத்துகிறவர் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அரை மணிச் சுற்றில் அவர் பெரும்பாலும் நோட்டுக்குள் வர மாட்டார். காலையிலிருந்து மூடாக்குப் போட்டு நிற்கும் கார் முப்பத்திரண்டு சுற்றிலும் வரும். கவனமில்லாமல் எண்ணினால் நீண்ட நேரம் நிற்பவர்தான் தெருவின் வாடிக்கையாளர் என்ற தோற்றம் உண்டாகும். அதனால் கடைத்தெருவில் கால் மணிக்கு ஒரு சுற்று அவசியம். இன்னொரு கூட்டத்தை எந்தச் சுற்றிலும் பிடிக்க முடியாது. லேக் வியூ ரோட்டில் பப்ளிக் ஹெல்த் சென்டருக்கு அம்மாவை அழைத்து வந்து வாசலில் இறக்கிவிட்டு, நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிக்கொண்டே இருக்கும் மகன் நின்ற வண்டிகளின் கணக்கில் இல்லை. சந்து முனையில் இன்னொருவர் நின்று, ஒரே வண்டி திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் அவர் தெரிவார். அவருக்குத்தான் இடம் முதலில் தேவை.

எந்த நாளில் எண்ணுவது என்பதற்குப் பாடப்புத்தகம், ஒரு சாதாரண வார நாளும் ஒரு சனிக்கிழமையும் என்று சொல்லும். மேற்கு மாம்பலத்துக்கு அது போதாது. இங்கே பஞ்சாங்கமும் வேண்டும். அமாவாசைக் காலையில் அயோத்தியா மண்டபத்தில் தர்ப்பணத்துக்கு வருகிற கூட்டம் வேறு, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களுக்கு வருகிற கூட்டம் வேறு. ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் நெரிசல். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல முடியாது. அமாவாசைக்கு இரண்டு மணி நேர ஏற்பாடு போதும். அதற்காக ஆண்டு முழுவதற்கும் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை.

எண்ணி முடித்தபின் நோட்டில் பார்க்க வேண்டியது வண்டிகளின் தொகையை அல்ல, மணிகளை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் உண்டு. ஒரே கார் நின்றால் அந்த நாளில் ஒருவருக்குத்தான் பயன். அரை மணிக்கு ஒருவர் என்று மாறினால், நடுவே வீணாகும் நேரம் போக இருபது பேருக்காவது பயன். இந்தப் பேட்டையின் மெஸ்களில் இருபது இலை போடும் கூடத்தில் எத்தனை பந்தி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டவர் எழுந்திருப்பதால்தான் அது நடக்கிறது. தெருவோரத்தில் எழுந்திருக்கச் சொல்ல யாருமில்லை. இலவசமாகக் கிடைக்கும் இடம், அவசரமாக வந்தவருக்குப் போகாமல், முதலில் வந்து கடைசியில் போகிறவருக்கே போய்ச் சேர்கிறது.

கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் பல்லாண்டுகள் இந்த விஷயத்தைப் பற்றி எழுதினார். 2005இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகம், இலவசமாக வண்டி நிறுத்துவதற்கு ஊர் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டது. அவர் சொன்ன அளவுகோல் எளிது. தெருவோர இடங்களில் நூற்றுக்கு 85 நிறைந்திருக்கலாம். அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நிறைந்தால் வண்டிகள் சுற்றத் தொடங்கும். எப்போதும் பாதி காலியாகவே கிடந்தால் கட்டணம் அதிகம் என்று பொருள். அந்த ஏழாவது இடம் காலியாக இருக்கும் அளவுக்கு, நேரத்துக்கு ஏற்றபடி கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும் என்றார். சான் பிரான்சிஸ்கோ 2011இல் அப்படிச் செய்து பார்த்தது.

சென்னையில் இந்தப் பாதையில் சில அடிகள் வைத்தாகிவிட்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. பக்கத்தில் தணிகாசலம் சாலையில் 200க்கு மேற்பட்ட கார்களும் 500க்கு மேற்பட்ட டூ வீலர்களும் நிற்கும் பல அடுக்கு நிறுத்துமிடம் வந்தது. அது வந்த பிறகும் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகள் நின்றன. வாசலிலேயே இலவசமாக நிறுத்த முடிகிறபோது, லிஃப்டில் ஏற்றி இறக்கக் காத்திருந்து காசும் கொடுக்க யாருக்கும் தோன்றாது. அடுக்கு மாடி கேட்பதற்குமுன் தெருவை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதற்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமே சாட்சி.

கட்டணம் என்றதும் மேற்கு மாம்பலத்தில் எழும் கோபம் எனக்குப் புரிகிறது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், சைக்கிளிலும் பழைய ஸ்கூட்டரிலும் வரும் வாத்தியார்கள், மிக்ஸி ரிப்பேர்க் கடைக்காரர்கள் நிறைந்த இடம் இது. அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கலிபோர்னியாவின் பழைய பாசடீனாவில் நடந்ததைத்தான். 1993இல் அங்கே மீட்டர் வைக்க வந்தபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணத்தை அதே தெருக்களுக்கே செலவிடுவதாக நகராட்சி ஒப்புக்கொண்ட பிறகு சம்மதித்தார்கள். நடைபாதை, மரம், விளக்கு எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. ஸ்டேஷன் ரோட்டில் வசூலாகும் ரூபாய் ரிப்பன் கட்டடத்தில் மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. அது ஸ்டேஷன் ரோட்டின் நடைபாதையாகவும் வடிகாலாகவும் திரும்பி வர வேண்டும். முதல் இருபது நிமிஷம் இலவசம் என்று வைத்தால் காய் வாங்குகிறவருக்குச் செலவே இல்லை. தினமும் ரயிலேறி ஆபீஸ் போகிறவர் ஊருக்கு நல்லது செய்கிறவர். அவருக்கு ஸ்டேஷனை ஒட்டி மலிவான மாதச் சீட்டில் இடம் தருவது ரயில்வேயின் பொறுப்பு.

மிஞ்சுவது ராத்திரி. கடைகள் மூடி, ரங்கநாதன் தெருக் கூட்டம் கலைந்து, பதினோரு மணிக்குமேல் தெருவில் நிற்பவை முழுக்க முழுக்கத் தெருக்காரர்களின் வண்டிகள். கார் நிறுத்தம் இல்லாமல் முன்பு கட்டிய மூன்று மாடி அடுக்ககங்களின் கார்கள், புதுக் கட்டடத்தில் ஒன்றுக்கு இடமிருக்க இரண்டாவதாக வாங்கிய கார்கள். ஜப்பானில் 1962 முதலே, நிறுத்த இடம் இருப்பதைக் காட்டாமல் பொதுவாகக் காரைப் பதிவு செய்ய முடியாது. கும்டா எனப்படும் சென்னைப் போக்குவரத்துக் குழுமம் வகுத்த வாகன நிறுத்தக் கொள்கையிலும் இந்த யோசனை இருக்கிறது. புதுக் கார்களுக்கு அது சரி. ஏற்கெனவே இருக்கும் கார்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் இரவு அனுமதிச் சீட்டு, வீட்டுக்கு ஒன்று, அதுவும் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் என்பது என் யோசனை. மறு பக்கம் ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும்.

எத்தனை சீட்டு கொடுக்கலாம் என்பதை அந்தத் தெருவின் இரவுக் கணக்கே சொல்லிவிடும். அதற்கு அரை மணிச் சுற்று தேவையில்லை. பதினொன்றுக்கு ஒரு நடை, விடியற்காலை நான்கு மணிக்குப் பால் வண்டி வரும் முன் ஒரு நடை. இரண்டிலும் இருக்கும் எண்கள்தான் குடியிருக்கும் வண்டிகள். போஸ்டல் காலனியிலோ பிருந்தாவன் தெருவிலோ குடியிருப்போர் சங்கம் ஒன்று இதைச் செய்ய முன்வந்தால், கணக்கெடுப்புக்கான படிவத்தை இந்த இதழின் முகவரிக்கு எழுதிக் கேட்கலாம்.

(அடுத்த வாரம்: துரைசாமி சுரங்கப்பாதை)