தாயமும் தாயாதியும்: ஒரு பாண்டியர் அரியணைப் பூசல்

‘தாயாதிக் காய்ச்சல்’ என்பது தமிழில் நெடுநாளாக வழங்கும் தொடர். ஒரே குடியில் பிறந்து, ஒரே சொத்தில் உரிமை கொண்டோரிடையே எழும் பொறாமையை அது குறிக்கும். தாயம் என்பது முன்னோர்வழி வரும் உரிமைப் பங்கு. அப்பங்கைப் பெறுவோர் தாயாதியர். இச்சொற்களைத் ‘தாய்’ என்பதனோடு இணைப்பாரும் உளர். எனினும் ‘தாய’, ‘தாயாத’ என்னும் வடசொற்களின் வழிவந்தவை எனக் கொள்வதே பொருந்தும். பங்கைப் பெறுவோரைக் குறித்த சொல் பகையோடு சேர்ந்தது எவ்வாறு? பாண்டியர் வரலாற்றில் ஒரு விடை உண்டு.

1268இல் அரியணை ஏறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டான். 1279க்குப் பின் சோழராட்சி மறைய, பாண்டியரே தமிழகத்தின் பேரரசராயினர். காயல் துறைமுகத்தில் குதிரை வாணிகம் செழித்தது. அரச குடும்பத்தார் பலர் ஒரே காலத்தில் நாட்டின் பகுதிகளை ஆளுதல் பாண்டியர் மரபு. ஐந்து உடன்பிறந்தார் ஆண்டதாக மார்க்கோ போலோ குறித்துள்ளார்.

குலசேகரனின் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும். முன்னவன் பட்டத்தரசியின் மகன் என்றும், பின்னவன் காமக்கிழத்தியின் மகன் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். தந்தை வீரனையே வாரிசாகத் தெரிந்தமையால், சுந்தரன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்பதும் அவர் கூற்று. அடுத்த ஆண்டே மாலிக் காபூர் படையுடன் தெற்கே வந்தபோது பாண்டிய நாடு பிளவுண்டு கிடந்தது. அவன் யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் கவர்ந்து மீண்டான். பின்னர் வேணாட்டு இரவிவர்மன் காஞ்சிவரை படை நடத்தினான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்சு நாட்டின் நிலையும் இதனை ஒத்தது. அந்நாட்டு மரபுச் சட்டம் தந்தையின் நிலத்தை மகன்கள் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தது. தந்தை ஏற்றுக்கொண்டால், மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவனும் பங்கு பெறுவான். இளவரசன் லவெலின் 1255இல் தன் உடன்பிறந்தார் இருவரைப் போரில் வென்று சிறையிட்டான். அவருள் ஓவன் இருபதாண்டுக்கு மேல் சிறையிலிருந்தான். 1282இல் ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரில் லவெலின் மடிய, மறு ஆண்டே வேல்சின் தன்னாட்சியும் முடிந்தது.

இவ்விரு குடிகளையும் வீழ்த்தியது பேராசை மட்டுமன்று. நிலம் பங்கிடத் தக்கது; தலைமை பங்கிடத் தகாதது. இவ்விரண்டையும் ஒரே தாயமாகக் கொண்டதே பூசலின் வேர். தலைமை எவர்க்கு என்பதை அனைவரும் ஏற்கும் நெறியொன்று முன்னரே வரையறுத்திருப்பின், வாளுக்கு வேலை குறைந்திருக்கும்.

திரிங்காப்பிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு அரியணை இல்லை. வீடும் கடையும் காய்கறி நிலமும் இருக்கலாம். உயில் எழுதாது இறந்த முசுலிம் அல்லாதாரின் சொத்தைப் பங்கிட, தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் உண்டு. அது பங்கின் அளவைச் சொல்லும். கடையை நடத்துவது யார், பிறந்த வீட்டில் இருப்பது யார் என்பதைப் பெற்றோரே தெளிவுறச் சொல்லிச் செல்லல் வேண்டும்.

தாயாதிக்கு நிகரான ‘பங்காளி’ என்னும் சொல்லால் இளைஞர் இன்று நண்பனை அன்போடு விளிக்கின்றனர். பகையேறிய சொல் மீண்டும் உறவுக்குத் திரும்பியுள்ளது. அதனை அங்கேயே நிலைக்கச் செய்தல் நம் கையில் உள்ளது.