பிள்ளைகள் கையால் ஒரு கிண்ணம் பழம்



பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டாயிற்று. நம் ஊரில் பல வீடுகளில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டிய துணிக்கட்டு வந்து இறங்கிவிட்டால், தைத்து முடித்துக் கொடுக்கும்வரை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தலை நிமிர நேரமில்லை. வெயிலோ காலை பத்து மணிக்கே ஏறிவிடுகிறது. வெளியே விளையாடவும் முடியாமல் பிள்ளைகள் நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். "இந்தா, போய் ஏதாவது வாங்கிக் குடி" என்று பத்து ரூபாயைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருநாள் பாருங்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் விவரத்தைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். பல குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி குடித்தால் ஐந்து தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போகிறது. அதை ஒரு தட்டில் அள்ளிக் காட்டுங்கள். நாம் சொல்லும் புத்திமதியைவிட அந்தத் தட்டு நன்றாகப் பேசும்.

2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் காய்கறி, பழம் சேர்த்து 250 கிராமும், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராமும், அதற்கு மேல் 400 கிராமும் குறைந்தது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. "எங்கள் பிள்ளை பழமே தொடாது" என்பது பல வீட்டுக் குறை. உரித்து, நறுக்கி, நாமே ஊட்டுகிற பழத்தைத் தள்ளிவிடும் பிள்ளை, தானே உரித்து நறுக்கியதை வாயில் போட்டுப் பார்க்கும். முதல்நாள் ஒரு துண்டு போதும். புது ருசி பழகச் சில பிள்ளைகளுக்குப் பத்து முறைக்கு மேல்கூட ஆகும். திட்ட வேண்டாம், திணிக்கவும் வேண்டாம்.

வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் மிஷினை நிறுத்துங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஃப்ரூட் சாலட் செய்வோம்.

தேவையானவை (ஆறு பேருக்கு)

சிறிய பப்பாளி பாதி
நாட்டு வாழைப்பழம் 4
கொய்யா 2
மாதுளை 1
இளநுங்கு 6
பேரீச்சம்பழம் 6
எலுமிச்சை அரை மூடி
உப்பு ஒரு சிட்டிகை, புதினா சில இலைகள்

ஆப்பிளும் கிவியும் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஆரஞ்சில் இருப்பதைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு. சாப்பாட்டில் கீரை, பருப்பு, கம்பு வழியாக வரும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். சோகை இருக்கும் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில், சாப்பாட்டோடு கொய்யாத் துண்டுகள் வைப்பது நல்ல பழக்கம். பப்பாளி கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ தருகிறது. இனிப்புக்குப் பேரீச்சம்பழம் இருப்பதால் சர்க்கரை தேவையே இல்லை. நுங்கு கிடைக்காத மாதங்களில் தர்பூசணி சேர்க்கலாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

மாம்பழம் வாங்கினால் கவனம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, மணமே இல்லாமல், கொட்டைப் பக்கம் கடினமாகவும் புளிப்பாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். முற்றிய காயாக வாங்கி வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்தால் தானாகப் பழுக்கும். தினமும் எடுத்து மோந்து பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

யார் எதைச் செய்வது?

3 முதல் 5 வயது: வாழைப்பழம் உரிப்பது, புதினா கிள்ளுவது, கழுவிய பழத்தைத் துணியால் துடைப்பது.

6 முதல் 8 வயது: மாதுளை உதிர்ப்பது, நுங்குத் தோலை நகத்தால் உரிப்பது, வாழைப்பழத்தைக் கரண்டி விளிம்பால் வெட்டுவது.

9 வயதுக்கு மேல்: நீங்கள் பக்கத்தில் இருக்க, சிறு கத்தியால் பப்பாளியும் கொய்யாவும் நறுக்குவது. பழத்தைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கச் சொல்லுங்கள். ஊசிக்கு முன்னால் விரலை எப்படிக் காப்பது என்று தெரிந்த ஊர் இது. கத்திக்கும் அதே கவனம்தான்.

ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்படி வேலை அக்கா, தங்கச்சிக்கு மட்டும் உரியதல்ல.

செய்முறை

முதலில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உரிக்கிற பழமானாலும் வெட்டும் முன் கழுவுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டு போகிறது. தண்ணீரின் அருமை தெரிந்த கரிசல் பூமி நம்முடையது. ஒரு சட்டித் தண்ணீரில் மண் போகத் தேய்த்துவிட்டு, பிறகு குடிதண்ணீரை ஒரு செம்பில் எடுத்து மேலே ஊற்றி அலசினால் போதும். பழத்துக்குச் சோப்பு வேண்டாம். சட்டித் தண்ணீரைப் பிள்ளையே கொண்டுபோய் முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றட்டும்.

பப்பாளி, கொய்யா, பேரீச்சம்பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். நுங்கை உரிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்தாமல் கிண்ணத்தின் மேலேயே உடையுங்கள். முற்றிய நுங்கு வயிற்றைக் கடுக்கும். இளசாகப் பார்த்து வாங்குங்கள். வாழைப்பழத்தைக் கடைசியில் வெட்டி, உடனே எலுமிச்சை பிழியுங்கள். பரிமாறும்போதுதான் உப்பும் புதினாவும். முன்பே உப்புப் போட்டால் பழம் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும்.

இரண்டு வாழைத்துண்டை மட்டும் தனியே வையுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவி, மற்றதை அப்படியே விடுங்கள். சற்று நேரத்தில் தடவாதது கறுக்கும். வெட்டிய இடத்தில் காற்று பட்டு நடக்கும் மாற்றத்தை எலுமிச்சையின் புளிப்பு தடுக்கிறது. பாடப் புத்தகத்தில் படிப்பதை வீட்டுத் தட்டில் பார்த்தால் மறக்காது.

பால் சேர்க்க ஆசைப்பட்டால் பப்பாளியை விட்டுவிடுங்கள். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் சிறிது நேரத்தில் கசக்கும்.

மறக்கக் கூடாதவை

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சப்போட்டா, சீத்தாப்பழம், பேரீச்சை விதைகளை நீங்களே எண்ணி எடுத்துவிடுங்கள். மேலே தூவக் கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு துண்டு நொறுக்கிப் போட்டால் பெரிய பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு முழுக்கடலை வேண்டாம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே கூடாது.

நம் வெயிலில் வெட்டிய பழம் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வேண்டிய அளவே வெட்டுங்கள். நோன்பு காலத்திலும் அப்படியே: இஃப்தாருக்கு அசரிலேயே வெட்டித் திறந்து வைக்காமல், நேரம் நெருங்கும்போது வெட்டுங்கள்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்குச் சிறு கிண்ணம் போதும். ஜூஸாக அடிக்க வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான், பழக்கலவை அதற்கு மருந்தல்ல.

பரிமாறும் வேலையையும் பிள்ளைகளிடமே விடுங்கள். முதல் கிண்ணம் வீட்டில் மூத்தவர்களுக்கு. ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு. அந்த வீட்டார் யாராக இருந்தாலும் சரி. பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். தோலும் சக்கையும் ஆட்டுக்கு. நுங்குக் கூந்தல் மிஞ்சினால் கவைக்குச்சி செருகி நுங்கு வண்டி செய்து கொடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தெருவில் ஓட்டட்டும்.

அரைமணி நேரத்தில் இரண்டு சட்டையின் கூலி குறையலாம். ஆனால் அடுத்த வாரம் பத்து ரூபாய் கேட்டு வரும் பிள்ளை, "இன்றைக்குப் பழம் நறுக்கலாமா?" என்று கேட்டு வந்தால், அந்தக் கூலி வீண்போகவில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்.