மூத்தோர்க்கு இசைந்த நகரம்



அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகரில் அபர்டீன் பஜார் என்னும் கடைவீதி உள்ளது. ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள அபர்டீன் நகரின் பெயரை ஆங்கிலேயர் இப்பகுதிக்குச் சூட்டினர். 1859ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்தமான் பழங்குடியினர் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இடமும் இதுவே. போர்ட் பிளேர் என வழங்கிவந்த இத்தலைநகருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதிய பெயர் சூட்டப்பட்டது. நகரின் பெயர் மாறினாலும், மணிக்கூண்டும் அதைச் சூழ்ந்த கடைகளும் மக்கள் கூடும் இடமாகவே விளங்குகின்றன.

இக்கடைவீதியில் இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளுடன் தமிழும் ஒலிக்கும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் வாழ்வோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கூலி வேலைக்கும் வணிகத்திற்கும் அரசுப் பணிக்கும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பலர். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சிலர். 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறியவர்களும் உளர். இளமையில் இங்கு வந்தவர்கள் இன்று முதியோர் ஆகிவிட்டனர். அவர்களுடைய பேரன் பேத்தியரே உங்களிற் பலர்.

அத்தகைய முதியோர்க்கு உள்ளாட்சி அமைப்பு என்னென்ன செய்யலாம்? அதனை எவ்வாறு திட்டமிட வேண்டும்? இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஒரு பாட்டியின் காலைப்பொழுது

அபர்டீன் பஜாருக்கு அருகில் ஒரு பாட்டி வாழ்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியும் நீரிழிவும் உண்டு. மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடுவர். பாட்டி அட்லாண்டா முனையிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது கடைவீதியிலிருந்து வெகுதொலைவு அன்று. ஓர் இளைஞர் எளிதில் நடந்து சென்றுவிடுவார்.

ஆயினும், பாட்டிக்கு அவ்வழி எளிதன்று. இந்நகரம் மேடும் பள்ளமுமாக அமைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு இது. மழைக்காலத்தில் நடைபாதை வழுக்கும். ஊர்திகள் விரையும் சாலையைக் கடக்கப் பாட்டிக்கு நேரம் ஆகும். இடையில் அமர ஓர் இருக்கை இல்லையெனில் மூச்சு வாங்கும். பொதுக் கழிப்பறை எங்குள்ளது என்று தெரியாவிட்டால், வீட்டை விட்டுப் புறப்படவே தயங்குவார். அனைத்தையும் கடந்து மருத்துவமனையை அடைந்தபின், எந்த வரிசையில் நிற்பது என்று இந்தியில் கேட்க வேண்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே நன்கு தெரியும்.

மருத்துவமனை இருக்கிறது. மருத்துவரும் இருக்கிறார். மருந்தும் இருக்கலாம். எனினும், அச்சேவை பாட்டியைச் சென்றடையவில்லை. சேவை இருத்தல் வேறு. அது உரியவரைச் சென்றடைதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே திட்டமிடுதலின் நோக்கமாகும்.

யார் எதைச் செய்வர்?

முதியோர் நலம் ஒரே அலுவலகத்தின் பொறுப்பன்று. அது பல நிலைகளில் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது.

முதலாவது, சட்டம். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் உறுப்பு, அரசு தன் பொருள்வளத்திற்கு உட்பட்டு முதுமையில் மக்களுக்கு உதவ வேண்டும் என்று கூறுகிறது. 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயது நிறைந்தவரை மூத்த குடிமகன் என வரையறுக்கிறது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர், தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனி வரிசை அமைக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது.

இரண்டாவது, உதவித்தொகையும் மருத்துவமும். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோர்க்கு ஒன்றிய அரசு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாயும், 80 வயதிலிருந்து 500 ரூபாயும் அளிக்கிறது. மாநில அரசுகளும் யூனியன் பிரதேச நிருவாகங்களும் தம் பங்கினைச் சேர்த்து வழங்கலாம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் முதல், 70 வயது நிறைந்த அனைவரும் வருமான வேறுபாடின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவக் காப்பீடு பெறத் தகுதியுடையவர் ஆயினர்.

மூன்றாவது, உள்ளாட்சி. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. சாலைகள், பொதுச் சுகாதாரம், பூங்காக்கள், தெருவிளக்குகள், பேருந்து நிறுத்தங்கள், பொதுக் கழிப்பறைகள், நலிந்த பிரிவினரின் நலன் ஆகியவை அவற்றுள் அடங்கும். பாட்டியின் காலைப்பொழுதை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவரைத் தடுத்தவற்றுள் பெரும்பாலானவை இப்பட்டியலில் உள்ளன அல்லவா? உதவித்தொகையை வழங்குவது மேல்நிலை அரசாக இருக்கலாம். ஆனால், அத்தொகையைப் பெறச் செல்லும் வழியைச் செப்பனிடுவது உள்ளாட்சியே.

இத்தலைநகரின் நகராட்சி மன்றம் 24 வட்டங்களைக் கொண்டது. ஒவ்வொரு வட்டத்திற்கும் மக்கள் வாக்களித்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். வட்டத்தின் தேவைகளை மன்றத்தில் எடுத்துரைப்பது அவ்வுறுப்பினரின் கடமை.

திட்டமிடுதலின் ஐந்து படிகள்

நல்ல திட்டம் ஒரு நாளில் உருவாவதில்லை. அதற்குப் படிநிலைகள் உண்டு.

முதற்படி அறிதல். ஒவ்வொரு வட்டத்திலும் முதியோர் எத்தனை பேர், தனித்து வாழ்வோர் எவர், நடக்க இயலாதோர் எவர், எம்மொழி பேசுவோர் என்பவற்றைக் கணக்கிட வேண்டும். எண்ணிக்கை தெரியாமல் இடப்படும் திட்டம், விருந்தினர் எத்தனை பேர் என்று அறியாமல் உலை வைப்பதைப் போன்றது.

இரண்டாம் படி கேட்டல். கணக்கு எண்ணிக்கையைக் கூறும்; காரணத்தைக் கூறாது. பேருந்தில் முதியோர் ஏறாததற்குக் கட்டணம் காரணமா, உயரமான படி காரணமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டு மூத்தோர்க்கு இசைந்த நகரங்கள் குறித்து ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதற்காக 33 நகரங்களில் முதியோரிடம் நேரில் கேட்டறிந்தனர். நம் நாட்டின் புதுதில்லியும் உதயப்பூரும் அவற்றுள் அடங்கும். பொதுவெளிகள், போக்குவரத்து, வீட்டுவசதி, சமூகப் பங்கேற்பு, மதிப்பு, குடிமைப் பங்கேற்பும் வேலைவாய்ப்பும், செய்தித்தொடர்பு, நலவாழ்வுச் சேவை என எட்டுத் துறைகளை அந்நூல் வகுத்துக் காட்டுகிறது.

மூன்றாம் படி முன்னுரிமை. நிதி அளவுடையது. ஆதலால், எது முதலில், எது பின்னர் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு புதிய மண்டபம் கட்டுவதா, இருக்கின்ற நடைபாதைகளில் கைப்பிடிகளும் இருக்கைகளும் அமைப்பதா? இத்தகைய வினாக்களுக்கு மன்றம் விவாதித்து விடை காண வேண்டும்.

நான்காம் படி செயற்படுத்தல். எப்பணியை எத்துறை, எந்நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வரையறுத்தல் வேண்டும்.

ஐந்தாம் படி மீளாய்வு. ஓராண்டு கழிந்தபின் அதே முதியோரிடம் சென்று பயன் விளைந்ததா என்று கேட்க வேண்டும். பாட்டி தனியாக மருத்துவமனைக்குச் சென்று திரும்புகிறார் என்றால், திட்டம் வென்றது எனலாம்.

பிற இடங்களில் காணும் முயற்சிகள்

சென்னையில் 60 வயது நிறைந்தோர்க்கு மாநகரப் பேருந்தில் மாதந்தோறும் 10 முறை கட்டணமின்றிச் செல்ல வில்லைகள் வழங்கும் திட்டம் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கிற்று. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்குரிய மருந்துகள் இதன்வழி வீட்டிற்கே கொண்டுசெல்லப்படுகின்றன. நோயாளர் மருத்துவமனையைத் தேடிச் செல்லும் வழக்கத்தை இத்திட்டம் மாற்றியமைத்தது.

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், சாலையைக் கடக்கும் முதியோர் தம் அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியின்மீது வைத்தால், பச்சை விளக்கு மேலும் சில நொடிகள் எரியும். 2009ஆம் ஆண்டு அறிமுகமான ஏற்பாடு இது. முதியோர் மிகுதியாக வாழும் பகுதிகளில் ஊர்திகளின் வேகத்தைக் குறைக்கும் சாலையமைப்பும் அங்குண்டு.

நம் அபர்டீனுக்குப் பெயர் தந்த ஸ்காட்லாந்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. அந்நாட்டில் 60 வயது நிறைந்தோர் 2006ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல் ஆகியவற்றில் உதவி தேவைப்படும் 65 வயது நிறைந்தோர்க்கு 2002ஆம் ஆண்டு முதல் அவ்வுதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அவ்வூர் உள்ளாட்சி மன்றம் மதிப்பிடுகிறது.

இவை அனைத்தும் பெருஞ்செலவில் எழுந்த கட்டடங்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். சில நொடிகள் கூடுதலாக எரியும் விளக்கும் ஒரு திட்டமே.

உடலுக்கு மட்டுமன்று, உள்ளத்திற்கும்

முதியோரை வாட்டுவது நோய் மட்டுமன்று, தனிமையும் வாட்டும். பிறந்த மண்ணைக் கடல் கடந்து பிரிந்து வந்தவர்க்கு அத்தனிமை இன்னும் கூடுதலாகும். உடன்பிறந்தோர் தமிழ்நாட்டில் இருப்பர். அக்கம்பக்கத்தார் வேறு மொழி பேசுவர். ஆகவே, முதியோர்க்கான செயற்பாடுகளையும் உள்ளாட்சி திட்டமிட வேண்டும். பூங்காவில் காலை நடைப்பயிற்சி, மாலையில் நாளிதழ் வாசிப்பு, பல மொழியினரும் கூடும் பாட்டும் கதையும், பள்ளி மாணவருக்குக் கைத்தொழில் கற்பித்தல் ஆகியவற்றுக்கு இடமும் நேரமும் ஒதுக்கினால் போதும். முதியோர் உதவி பெறுவோர் மட்டுமல்லர். கற்றுத்தரும் ஆற்றல் உடையவர்களும் ஆவர்.

உங்கள் பங்கு

பல முதியோர் தமக்குரிய உதவியைப் பெறாமைக்கு மொழியும் ஆவணமும் தடைகளாகின்றன. விண்ணப்பப் படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வயதை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் இல்லாதோரும் உண்டு. நகராட்சி அறிவிப்புகள் தமிழிலும் வெளியானால் நன்று. அதுவரை, இரு மொழிகளும் அறிந்த நீங்களே உங்கள் பாட்டி தாத்தாவிற்குப் பாலமாக இருக்க முடியும். அறிவிப்பைப் படித்துக் காட்டலாம். படிவத்தை நிரப்ப உதவலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டிவைக்கலாம். துன்புறுத்தலுக்கு உள்ளானோரும் வழிகாட்டுதல் வேண்டுவோரும் கட்டணமின்றி அழைக்கத்தக்க தேசிய எண் அது.

நீங்கள் இந்தி பேசும்போது உங்களைத் தீவின் பிள்ளை என்பர். தமிழ் பேசும்போது பாட்டியின் பேரன் என்றும் பேத்தி என்றும் அறிவர். இரண்டும் உங்களிடம் இருப்பதனாலேயே இப்பணி உங்களுக்கு எளிதாகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் முடிவின்படி அக்டோபர் 1ஆம் நாள் உலக முதியோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் முதியோரை வாழ்த்துவதோடு நில்லாமல், "உங்களுக்கு எது தடையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடையே உங்கள் நகரின் அடுத்த திட்டத்திற்கு முதல் வரியாகலாம்.

பயிற்சி

1. சேவை இருத்தலுக்கும் சேவை சென்றடைதலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. திட்டமிடுதலின் ஐந்து படிகளை வரிசைப்படுத்தி எழுதுக. அவற்றுள் மிக இன்றியமையாதது எது என்று நீ கருதுகிறாய்? காரணம் கூறுக.

3. பாட்டியின் வழியிலிருந்த தடைகளுள் நகராட்சி நீக்கக்கூடியவை எவை? பட்டியலிடுக.

4. உன் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவருடன் கடைவீதி வரை நடந்து செல். அவர் எங்கெங்கு நின்றார், எங்குத் தயங்கினார் என்று குறித்துக்கொள்.

5. அக்குறிப்புகளைக் கொண்டு, உன் வட்டத்தின் நகராட்சி உறுப்பினருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதுக. அதனை நண்பர்களுடன் சேர்ந்து இந்தியில் மொழிபெயர்த்து வகுப்பில் வாசித்துக் காட்டுக.