யார் வந்து கேட்பார்கள்?

பொறையாறு வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற என் அம்மா, என் பேறுகாலத்துக்காக ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு வந்திருந்தார். பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர், தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்து வார்த்து அனுப்பிய ஊர் என்றெல்லாம் சொன்னேன். டோரோதியா எர்க்ஸ்லேபன் 1754-இல் மருத்துவப் பட்டம் பெற்று ஜெர்மனியின் முதல் பெண் டாக்டரானதும் இங்கேதான். ஆனால் அம்மாவின் கவனமெல்லாம் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி மேலேயே இருந்தது.

ஹெபாமே என்பார்கள் இங்கே. பிரசவமான முதல் பத்து நாள் தினமும்கூட வருவார். செலவைக் காப்பீடு ஏற்கும். தொப்புளுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, கர்ப்பப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். உதிரப்போக்கு எப்படி, காய்ச்சல் உண்டா, ஒரு கால் மட்டும் வீங்குகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டார். பாஷை புரியாமலே அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். “நாங்க பாக்குறதேதான் பாப்பா” என்றவர், மருத்துவச்சி போனதும் கேட்டார்: “இங்க ஒரு அம்மா இறந்துட்டா யாரு வந்து ஆடிட் பண்ணுவாங்க?”

தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மதிப்பீட்டில் ஜெர்மனியில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 4 தாய்மார் இறக்கிறார்கள், இந்தியாவில் 103. ஆனால் அந்த 4-ஐயும் முழுசாக நம்ப முடியாது. இறப்புச் சான்றிதழின் படிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பிள்ளை பெற்ற சில வாரத்தில் நுரையீரலில் ரத்தம் உறைந்து ஒருத்தி இறந்தால், கர்ப்பம் பற்றிய குறிப்பு விடுபட்டுப்போகலாம். அவள் கணக்கில் வருவதில்லை. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை மருத்துவர்கள் சான்றிதழ்களைத் திரும்பப் புரட்டியபோது, அரசுக் கணக்கில் சேராத இறப்புகள் வெளியே வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் ரகசியம் காத்து ஆராய்கிறார்கள். நாடு முழுமைக்குமான அப்படியொரு ஏற்பாடு ஜெர்மனியில் உருவாகவில்லை.

தமிழ்நாட்டில் 1994 முதலே தாய் இறப்புத் தணிக்கை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ இறப்பு நேர்ந்தால் உடனே தகவல் போக வேண்டும். பிறகு அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்பார்கள். வலி எப்போது வந்தது, யார் முடிவெடுத்தது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, முதலில் போன ஆஸ்பத்திரியில் ரத்தம் இருந்ததா? வீட்டில் தாமதமா, வழியில் தாமதமா, ஆஸ்பத்திரியில் தாமதமா என்பது இப்படித்தான் தெரியவரும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்குக் குடும்பத்தாரையும் அழைப்பதுண்டு. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ், கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி எண் என்று பலதும் சேர்ந்து, 2004-06-இல் 111 ஆக இருந்த இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆனது.

பெருமைப்பட வேண்டிய வேலைதான். அதற்குள் இருந்த பயத்தையும் அம்மா சொன்னார். ஹைரிஸ்க் என்று அவர் எழுதி அனுப்பிய ஒரு பெண், ரத்தப்போக்கோடு மூன்று ஆஸ்பத்திரி மாறி இறந்துபோனாள். கூட்டத்தில் முதல் கேள்வி அம்மாவிடம்தான்: “நீங்க எத்தனை விசிட் போனீங்க?” அடுத்த வாரம் செவிலியர்கள் எல்லாரும் பதிவேட்டைத்தான் முதலில் சரிபார்த்தார்களாம். தண்டனைக்குப் பயந்தால் நடந்தது வெளியே வராது. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பே பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இறப்புகளை அலசுகிறது. கிடைத்த பாடங்களைப் புத்தகமாகப் போடுகிறது. 2004-06-இல் 95 ஆக இருந்த அவர்கள் விகிதம் 2018-20-இல் 19. தமிழ்நாடும் ஜெர்மனியும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

42 நாளோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. ஆறு வாரத்துக்கு மேல் ஓராண்டுக்குள் இறக்கும் பிரிட்டன் தாய்மாரிடையே தற்கொலை முக்கியக் காரணம். நம் ஊரில் அதைக் குடும்பப் பிரச்சினை என்று எழுதி மூடிவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், துணி நனைந்துகொண்டே இருக்கும் உதிரப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், மூச்சுத்திணறல் எதுவானாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தெரிந்தவர் வீட்டில் இறப்பு நேர்ந்து, செவிலியர் படிவத்தோடு வந்து கேட்டால், துக்கத்தின் நடுவிலும் நடந்ததை நேரம் உட்பட ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள்.