வகுப்புக்குள் வர வேண்டிய நூலகர்

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு வரப்போகிறது என்றால் கல்லூரி நூலகத்தில் சில கணக்குகள் அவசரமாகத் தயாராகும். எத்தனை நூல்கள், எத்தனை இதழ்களுக்குச் சந்தா, ஆண்டுச் செலவு எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள், புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை கணினிக்கு மாறிவிட்டதா? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் நூலகத்தால் ஓர் ஆசிரியரின் பாடம் எவ்வளவு ஆழப்பட்டது, ஒரு மாணவரின் ஆய்வு எந்த இடத்தில் திருந்தியது என்பதை இந்தக் கணக்குகளிலிருந்து அறிய முடியாது. நூல்களை வாங்கி அடுக்குவது நூலகப் பணியின் முதல் பாதி. ஆசிரியர் ஓர் அசைன்மென்ட்டைத் திட்டமிடும்போதே நூலகரும் உடன் இருப்பது மறுபாதி. நம் கல்லூரிகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

இந்த மறுபாதி நமக்குப் புதியதல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், வாசகர்கள் தாங்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வாசகர் தேடுவதைக் கண்டடைய உதவும் குறிப்புதவிப் பணியை நூலகரின் தலையாய கடமையாக வலியுறுத்தினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்றுகூட, நூலகத்தில் எத்தனை புத்தகம் இருக்க வேண்டும் என்று பேசவில்லை. நூல் வாசகரைச் சேர வேண்டும், அவருடைய நேரம் வீணாகக் கூடாது என்பவையே அவற்றின் அக்கறை.

கல்லூரி அளவில் இந்த மறுபாதியை நடத்திக் காட்டிய இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எர்ல்ஹாம் கல்லூரி. 1962 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நூலகராக இருந்த இவான் ஃபார்பர், நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக வைக்கவில்லை. ஒரு பாடத்தில் மாணவர்கள் கட்டுரை எழுதத் தொடங்கும் வேளையில், அந்த வகுப்புக்கே நூலகர் சென்று, அந்தத் தலைப்புக்கு எங்கே எப்படித் தேட வேண்டும் என்று காட்டினார். நம் ஊரில் முதலாண்டு மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துச் சென்று அலமாரிகளைக் காட்டும் அறிமுக நாளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தேவை எழாத நேரத்தில் சொன்னது மறந்துபோகும். கையில் வேலை இருக்கும்போது கற்றது நிற்கும்.

நூலகரின் பங்கு என்னவென்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். வரலாற்று மாணவர் ஒருவருக்குத் ‘தமிழ்நாட்டில் பாசனம்’ என்று தலைப்பு தரப்பட்டால், அவர் இணையத்தில் நாலு பக்கம் எடுத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை; தலைப்பு அவ்வளவு அகலம். ஆசிரியரோடு நூலகரும் உட்கார்ந்தால் அது ‘இராமநாதபுரம் கண்மாய்களும் குடிமராமத்தும்’ என்று சுருங்கும். அதன்பின் தேடலுக்குத் திசை கிடைக்கும். டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ இந்தப் பகுதியின் பாசனத்தை ஆராய்கிறது. நெல்சன் 1868இல் தொகுத்த மதுரை மாவட்ட நூலில் பழைய நிலவரம் கிடைக்கும். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் தேட, இராமநாதபுரத்தை ‘ராம்நாட்’ என்றும் திருநெல்வேலியை ‘தின்னவேலி’ என்றும் எழுதிய அக்கால வழக்கு தெரிந்திருக்க வேண்டும். அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரிய நூல்களின் மின்படிகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழிகாட்டுவதும் நூலகரே. பாசன வரலாற்றைக் கற்பிப்பவர் ஆசிரியர். அதற்கான சான்று எங்கே, எந்தப் பெயரில் கிடக்கிறது என்று அறிந்தவர் நூலகர். இருவரும் சேர்ந்தால்தான் இளங்கலை மாணவரின் புராஜெக்ட் ஆய்வு என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

‘எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, இன்னும் நூலகர் எதற்கு?’ என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. இணையத்தில் நிறைய இருப்பது உண்மை. நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் திட்டத்தின் வழியாக மின்னூல்கள் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அனுமதி வேறு, பயன்பாடு வேறு. 13,000 இதழ்களுக்கு நடுவே தனக்கு வேண்டிய இரண்டு கட்டுரைகளை எடுக்கத் தெரியாத மாணவருக்கு அந்த 6,000 கோடியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் நூலகர் வேண்டும் என்ற வாதம் மேலும் வலுக்கிறது. 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்று தெரியவந்ததும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்துத் தொழில் செய்தவர்களே ஏமாந்த இடத்தில் பத்தொன்பது வயது மாணவர் தப்புவார் என்று நம்புவதற்கில்லை. ஒரு மேற்கோளின் மூலத்தைத் தேடிப்போய்ப் பார்ப்பது பழகி வருகிற திறமை. அதைப் பழக்குவது நூலகரின் தொழில்.

ஆசிரியரின் சொந்த ஆய்வுக்கும் இதே துணை வேண்டியிருக்கிறது. எந்த ஆய்விதழில் எழுதலாம் என்பதற்குச் சில ஆண்டுகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியல் இருந்தது. 2025 தொடக்கத்தில் மானியக் குழு அதைக் கைவிட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே எடைபோடட்டும் என்றது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களைப் பிரித்தறியும் பொறுப்பு இனி கல்லூரியினுடையது. கருத்துத் திருட்டு விஷயமும் அப்படியே. 2018இல் வந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் பதிவே ரத்தாகும். பல இடங்களில் நூலகத்தின் வேலை, எழுதி முடித்த ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு விழுக்காடு எடுத்துக் கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது. மேற்கோள் காட்டும் முறையை முதல் அத்தியாயம் எழுதும்போதே கற்றுத் தந்திருந்தால், கடைசியில் அந்த எண்ணைக் கண்டு யாரும் பதற வேண்டியதில்லை.

‘பாடத்தில் நூலகருக்கு என்ன தெரியும்?’ என்று துறைகள் கேட்கலாம். பாடம் நடத்த அவரை யாரும் அழைக்கவில்லை. தேடும் முறையைச் சொல்லித்தரவே அழைக்கிறோம். மானியக் குழு கல்லூரி நூலகரின் தொடக்க ஊதியத்தை உதவிப் பேராசிரியருக்கு நிகராக வைத்திருக்கிறது. முதுகலைப் பட்டத்தையும் தேசியத் தகுதித் தேர்வு போன்றவற்றையும் கேட்கிறது. அவ்வளவு படித்தவரைப் புத்தகப் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட மட்டும் உட்கார வைப்பது கல்லூரிக்கே நட்டம்.

வலுவான மறுப்பு வேறொன்று. பல கல்லூரிகளில் நூலகர் ஒரே ஒருவர். செமஸ்டர் முறையில் ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை. இது நியாயமான கவலை. ஆள் பற்றாக்குறையை நல்லெண்ணத்தால் ஈடுகட்ட முடியாது, பணியிடங்களை நிரப்பியாக வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு துறைக்கு ஒரு செமஸ்டரில் ஒரே ஓர் அசைன்மென்ட்டை எடுத்துக்கொள்ளலாம். தலைப்புகளை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். எங்கே தேடுவது என்று ஒரு பக்கக் குறிப்பை நூலகர் தயாரிக்கட்டும். வகுப்பில் ஒரு மணி நேரத்தை ஆசிரியர் அவருக்குக் கொடுக்கட்டும். அந்தப் பக்கம் அடுத்த ஆண்டுக்கும் உதவும். மாணவர்கள் எந்தெந்த மூலங்களைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கட்டுரைகளின் கடைசிப் பக்கமே காட்டிவிடும். நாக் குழுவிடம் நீட்டும் கோப்பில் வருகைப் பதிவேட்டோடு அந்தக் கடைசிப் பக்கங்களும் இடம்பெறுமானால், நூலகம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு உண்மையான பதில் அதில் இருக்கும்.