ஓராண்டு விருந்தினர்

மாற்றல் உத்தரவு என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியது அன்று. ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் தந்தையின் கையில் ஒரு தாள் இருக்கும். அடுத்த சில நாட்களில் பாத்திரங்கள் கோணிப்பைக்குள் அடங்கும்; குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் பெட்டிக்குள் போகும்; அண்டை வீட்டார் வாயிற்படியில் நின்று கண் கலங்குவர். பிறகு புதிய ஊர், புதிய மொழி, புதிய முகங்கள். அங்கே நாம் அவ்வூரார் ஆவது எப்போது? பத்தாண்டு குடியிருந்தாலா? அல்லது ஓராண்டே ஆயினும் உண்மையாக உழைத்தாலா? இக்கேள்வியை நாம் நமக்குள்ளே பலமுறை கேட்டிருப்போம். தொலைதூர நாடொன்றில் ஒரு கூடைப்பந்துக் குழு கண்ட ஓராண்டு வரலாற்றில் இதே கேள்வி எழுந்தது. அவ்வரலாற்றை நேயர்களுக்கு இங்கே சொல்ல விழைகிறேன்.

அக்குழுவின் பெயர் டொரான்டோ ராப்டர்ஸ். கனடா நாட்டின் மிகப் பெரிய நகரமாகிய டொரான்டோவின் குழு அது. அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறு நாடுகளிற் பிறந்து அங்கே குடியேறியவர்கள். 1983-ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் ஈழத்தைவிட்டு வெளியேறிய நம் மொழியினர் பல்லாயிரவரும் அங்கே வாழ்கின்றனர்.

கூடைப்பந்தை முதன்முதலிற் கண்டவரும் கனடாவிற் பிறந்தவரே. ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், 1891-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடுவதற்கென்று இவ்வாட்டத்தை வகுத்தார். அதே சங்கத்தார் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினர். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் கம்பத்தில் வளையம் ஏறியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 தொழில்முறைக் குழுக்கள் உள்ளன. அவற்றுள் 29 அமெரிக்க நகரங்களுக்குரியவை. கனடாவுக்குரியது டொரான்டோ ஒன்றே. ஐப்பசியில் தொடங்கிச் சித்திரை வரையில் ஒவ்வொரு குழுவும் 82 ஆட்டங்கள் ஆடும். பின்னர்க் கீழ்த்திசையில் எட்டும் மேல்திசையில் எட்டுமாகச் சிறந்த குழுக்கள் தேர்ந்து, இரண்டிரண்டாக மோதும். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். இவ்வாறு நான்கு சுற்றுகள் கடந்தால்தான் பட்டம். 1995-இல் தோன்றிய ராப்டர்ஸ் குழு இருபத்துமூன்று பருவங்களாக இறுதிச் சுற்றின் வாயிலைக்கூட மிதித்ததில்லை.

அக்குழுவில் டிமார் டிரோசான் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத்தவர். 2009-இல் டொரான்டோவுக்கு வந்தவர் ஒன்பது பருவங்கள் அங்கேயே ஆடினார். குளிர் மிகுந்த அந்த அயல்நாட்டு நகரத்தை நட்சத்திர ஆட்டக்காரர் பலரும் விரும்பாத காலம் அது. 2016-இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. எங்கு வேண்டுமாயினும் போகும் உரிமை அவருக்கு இருந்தது. வேறு எந்தக் குழுவினரையும் சந்திக்காமல் டொரான்டோவிலேயே மீண்டும் கையெழுத்திட்டார். அக்குழுவின் வரலாற்றிலேயே மிகுதியான புள்ளிகள் பெற்றவர் என்ற பெருமையும் அவருடையதாயிற்று. அவர் உற்ற தோழர் கைல் லோரியோ அதே குழுவில் ஆட்டத்தை நடத்திச் செல்பவர்.

இவ்விருவரும் சேர்ந்து குழுவை உயர்த்தினர். 2017–18 பருவத்தில் 59 வெற்றிகளுடன் கீழ்த்திசையில் முதலிடம் கிட்டியது. ஆனால் இரண்டாம் சுற்றில் கிளீவ்லாந்து குழு நான்கு ஆட்டங்களையும் வென்று அவர்களை வெளியேற்றியது. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக அதே குழுவிடம் நேர்ந்த தோல்வி இது. பயிற்சியாளர் டுவேன் கேசி வேலையை இழந்தார். அவ்வாண்டின் தலைசிறந்த பயிற்சியாளர் என்ற பரிசு அவருக்கு வந்தபோது அவர் அக்குழுவில் இல்லை!

குழுவின் தலைவர் மசாய் உஜிரி, நைஜீரியாவில் வளர்ந்தவர். இன்னும் பெரியதொரு மாற்றம் வேண்டும் என்று அவர் எண்ணினார். 2018-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் டிரோசானை சான் அன்டோனியோ குழுவுக்கு அனுப்பி, அங்கிருந்து கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் பெற்றார். அந்நாட்டு வழக்கப்படி இத்தகைய ஆள்மாற்றுக்குப் பெரும்பாலும் ஆட்டக்காரரின் சம்மதம் தேவையில்லை. தம்மிடம் சொன்னது ஒன்று, நடந்தது வேறொன்று என்று டிரோசான் மனங்கசந்தார். உஜிரி பின்னர்ப் பலரறிய மன்னிப்பும் கேட்டார். ஆயினும் உத்தரவு உத்தரவுதானே!

வந்தவரும் விரும்பி வந்தவர் அல்லர். லெனார்ட் தென் கலிபோர்னியாவிற் பிறந்தவர். அப்பக்கமே போக விரும்பினார் என்பதை ஊர் அறியும். முந்திய பருவத்தில் தொடைத்தசைக் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். ஒப்பந்தத்திலும் ஓராண்டுதான் மிச்சம். பேச்சுக் குறைந்தவர், சிரிப்பு அதனினும் குறைவு. ஓராண்டு இருந்து போகப் போகிறவருக்காக ஒன்பதாண்டு உழைத்தவரை அனுப்பிவிட்டார்களே என்று டொரான்டோ மக்கள் வருந்தியதில் வியப்பில்லை. தோழனைப் பிரிந்த லோரியின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

பருவம் தொடங்கியது. புதிய பயிற்சியாளர் நிக் நர்ஸ், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தவர். இங்கிலாந்தில் எளிய குழுக்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவர். முதல் ஆறு ஆட்டங்களிலும் குழு வென்றது. லெனார்டின் உடலைப் பேணுவதற்காக 82 ஆட்டங்களில் 60-இல் மட்டுமே அவரை இறக்கினார்கள். அவர் இல்லாத 22 ஆட்டங்களில் 17-ஐ மற்றவர்கள் வென்று காட்டினர். ஒருவரை நம்பிய குழுவாக அது இருந்திருந்தால் இது நடந்திராது. பருவ முடிவில் 58 வெற்றி, 24 தோல்வி.

அந்த மற்றவர்கள் யார்? செர்ஜ் இபாக்கா காங்கோவின் பிரசாவில் நகரிற் பிறந்தவர். பிப்ரவரியில் வந்து சேர்ந்த மார்க் கசோல் ஸ்பெயின் நாட்டவர். பிரெட் வான்வ்லீட், 2016-இல் நடந்த ஆட்டக்காரர் தேர்வில் எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர். பாஸ்கல் சியாக்கம் கமரூன் நாட்டின் டுவாலா நகரத்தவர். பாதிரிமார் பயிற்சிப் பள்ளியிற் படித்தவர். 2014-இல் அவர் அமெரிக்காவில் மாணவராக இருக்கையில் தந்தை சாலை விபத்தில் மாண்டார். ஊருக்குப் போனால் மீண்டும் வர விசா கிடைக்காமற் போகலாம் என்ற நிலையில், தந்தையின் அடக்கத்துக்கும் அவரால் போக இயலவில்லை. பிழைப்புக்காக ஊரைப் பிரிந்த எவருக்கும் இச்செய்தியை எளிதாகக் கடந்து செல்ல முடியாது. அச்சியாக்கம் இப்பருவத்தில், சங்கம் முழுவதிலும் மிகுந்த முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார்.

2019 பிப்ரவரி 22-ஆம் நாள் டிரோசான் சான் அன்டோனியோவின் சட்டை அணிந்து டொரான்டோவுக்கு வந்தார். அரங்கு முழுவதும் எழுந்து நின்று கரவொலி செய்தது. ஆனால் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தவர் லெனார்டே! பறித்த பந்தைத் தனியே ஓடிக் கூடையில் இட்டார். டொரான்டோ 120–117 என்று வென்றது. தம் பழைய அன்பரை வாழ்த்திய அதே மக்கள், அவரிடமிருந்து பந்து பறிபோனதற்கும் ஆரவாரம் செய்தனர். அன்றைய மனநிலையை என்னவென்று சொல்வது?

பட்டத்துக்கான சுற்றுகள் வந்தன. முதல் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஆர்லாண்டோவிடம் தோல்வி. லோரி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. பழைய கதைதான் என்று பலர் தலையில் கைவைத்தனர். அடுத்த நான்கையும் குழு வென்றது. இரண்டாம் சுற்றில் பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம், மே 12-ஆம் நாள். புள்ளிகள் 90–90, எஞ்சியிருந்தது நான்கு நொடியும் சிறிதும். லெனார்ட் வலப்புற மூலைக்கு ஓடி, உயர்ந்து எறிந்தார். மணி ஒலித்துவிட்டது. பந்து வளையத்தின்மேல் ஒரு முறை துள்ளியது. இரு முறை, மூன்று முறை, நான்கு முறை துள்ளியது. பின்பு உள்ளே விழுந்தது. 2001-இல் இதே குழுவுடன் இதே கட்டத்தில் கடைசி எறி தவறி, ஒரு புள்ளியில் தோற்ற ஊர் அது. பதினெட்டு ஆண்டு ஏக்கம் அத்துள்ளலில் தீர்ந்தது எனலாம்.

மூன்றாம் சுற்றில் மில்வாக்கியிடம் முதல் இரண்டையும் இழந்து, அடுத்த நான்கையும் வென்றனர். அச்சுற்றின் நடுவில் வான்வ்லீட்டுக்கு மகன் பிறந்தான். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்தவரின் கை அதன்பின் திறந்துகொண்டது. ஐந்தாம் ஆட்டத்தில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிக் கூடைகள் ஏழு போட்டார். குழந்தை வந்த நேரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இறுதிச் சுற்றில் எதிர்நின்றது கோல்டன் ஸ்டேட் குழு. முந்திய நான்காண்டுகளில் மூன்று முறை பட்டம் வென்ற குழு. முதல் ஆட்டத்தில் சியாக்கம் 32 புள்ளிகள் குவித்தார். நான்கு ஆட்டங்களின் முடிவில் டொரான்டோ மூன்றை வென்றிருந்தது. ஐந்தாம் ஆட்டத்தில் எதிர்க்குழுவின் கெவின் டியூரான்ட் குதிகால் நரம்பு அறுந்து கீழே விழுந்தபோது, டொரான்டோ மக்களில் ஒரு சாரார் மகிழ்ந்து கூவினர். லோரியும் இபாக்காவும் கிரீனும் உடனே கைகாட்டி அவர்களை அடக்கினர். அவ்வாட்டத்தை ஒரு புள்ளியில் இழந்தனர். வெற்றியின் விளிம்பில் நிற்கையிலும், பகைக்குழுவினனின் துன்பத்தில் மகிழாதீர் என்று தம் மக்களுக்குச் சொல்லத் துணிந்தார்களே, அதனைப் பட்டத்துக்குச் சற்றும் குறையாத பெருமையாகவே நான் கருதுகிறேன்.

ஜூன் 13-ஆம் நாள் ஓக்லாந்தில் 114–110 என்ற கணக்கில் ஆறாம் ஆட்டத்தை வென்று, கனடாவுக்கு முதன்முறையாக அப்பட்டத்தைக் கொணர்ந்தனர். லோரி 26 புள்ளிகள். யாரும் தேர்ந்தெடுக்காத வான்வ்லீட் 22. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் லெனார்ட். நான்கு நாட்களுக்குப் பின் நடந்த ஊர்வலத்தைக் காண இலட்சக்கணக்கானோர் தெருக்களில் திரண்டனர்.

அடுத்த மாதமே லெனார்ட் விடைபெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிளிப்பர்ஸ் குழுவில் சேர்ந்து, தாம் பிறந்த பகுதிக்குத் திரும்பினார். டொரான்டோவில் அவர் ஆடியது ஒரே பருவம்.

கதை இத்துடன் முடியவில்லை. பட்டம் வென்ற குழுவினருக்கு மோதிரம் அளிப்பது அந்நாட்டு மரபு. 2019 டிசம்பர் 11-ஆம் நாள் லெனார்ட் எதிர்க்குழு ஆட்டக்காரராக டொரான்டோவுக்கு வந்தபோது, அவருக்குரிய மோதிரத்தை வழங்கியவர் லோரி. ஆம், டிரோசானின் தோழராகிய அதே லோரி! விட்டுப் போனவர் என்று மக்கள் அவரை வெறுக்கவில்லை. எழுந்து நின்று வாழ்த்தினர். அதே ஆண்டு அக்டோபரில், ஆடுகளத்தில் ஒருநாளும் ஆடாத ஒருவருக்கும் குழுவினர் மோதிரம் அளித்திருந்தனர். அவர் நவ் பாட்டியா என்னும் சீக்கியர். 1984-இல் இந்தியாவிலிருந்து குடியேறி, பொறியியல் படித்திருந்தும் அத்துறையில் வேலை கிடைக்காமல் கார் விற்பனையாளரானவர். 1995 முதல் அரங்கின் முன்வரிசையில் தலைப்பாகையுடன் அமர்ந்து அக்குழுவை ஊக்கியவர்.

டிரோசானுக்கு மோதிரம் கிடைக்கவில்லை. ஒன்பதாண்டு அடித்தளம் இட்டவர் கிருகப்பிரவேசத்துக்கு இல்லை. இதில் அநீதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் பார்த்தவர்களின் கணக்கு சரியாகவே முடிந்தது. ஆனால் முடிவு நன்றாக அமைந்ததனால் ஒருவர் பட்ட மனப்புண் இல்லையென்று ஆகிவிடாது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆட்டக்காரருக்கும் நமக்கும் ஒப்பேது என்று கேட்கலாம். பிரிவின் வருத்தத்தில் ஊதியத்தின் அளவு குறுக்கே வருவதில்லை.

ஆயினும் டொரான்டோ மக்கள் செய்த ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. தங்கியிருந்த ஆண்டுகளை எண்ணி ஒருவரை உறவென்றும் மற்றவரை அயலென்றும் அவர்கள் பிரிக்கவில்லை. நெடுநாள் உழைத்துச் சென்றவர் வந்தபோதும் எழுந்து நின்றனர். ஓராண்டு உழைத்துச் சென்றவர் வந்தபோதும் எழுந்து நின்றனர். ஓர் ஊருக்கு நாம் உரியவர் ஆவது, அங்கே இருந்த காலத்தில் கைவேலையில் வஞ்சம் செய்யாமையினால்தான் போலும்.

நம் சங்கத்திலும் இருபதாண்டு நாற்காலி சுமந்தவர்கள் உண்டு. மூன்றாண்டு இருந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாற்றலாகிச் சென்றவர்களும் உண்டு. அவர்களுள் யாரேனும் என்றேனும் இவ்வூர் வழியாகப் போகையில் நம் வாயிலில் வந்து நின்றால், எழுந்து நின்று வரவேற்போமாக.