தந்தை நிறுத்தினார், மகன் நிறுத்தவில்லை!

அமெரிக்காவில் 1969-ம் ஆண்டு வெளியான நாவல் "காட்பாதர்". எழுதியவர் மரியோ பூசோ. 1972-ல் அது சினிமாவாக வந்து உலகம் முழுவதும் ஓடியது.

நியூயார்க் நகரின் குற்றக் கூட்டத் தலைவர் ஒருவரின் குடும்பக் கதை இது. தலைவர் பெயர் விட்டோ கார்லியோன்.

"வேண்டாம்!"

போதை மருந்து வியாபாரத்தில் அவருக்குப் பங்கு தருவதாக ஒருவன் வந்தான். கொள்ளை லாபம்! ஆனால், "வேண்டாம்" என்றார் விட்டோ.

நல்ல மனதா? இல்லை, கணக்கு! சூதாட்டத்தைக் கண்டும் காணாமல் இருக்கும் பெரிய மனிதர்கள், போதை மருந்து என்றால் கைவிட்டு விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மறுத்ததற்காக அவர் நடுத்தெருவில் சுடப்பட்டார். பிழைத்துக் கொண்டார்.

மூத்த மகன் சன்னி முன்கோபி. தங்கையை அவள் கணவன் அடித்தான் என்று கேட்டதும் தனியாகக் காரில் பறந்தான். வழியில், சுங்கச்சாவடியில், எதிரிகள் அவனைச் சுட்டுக் கொன்றார்கள்.

தந்தை பழி வாங்கினாரா? இல்லை! எதிரிகளுடன் சமாதானம் பேசினார். வெளிநாட்டில் ஒளிந்திருந்த இளைய மகன் மைக்கேல் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே!

தனி மரம்

மைக்கேல் அதிர்ந்து பேசாதவன். ஆனால் அவன் ஆசைக்கு எல்லை இல்லை. தந்தை இறந்த பிறகு, மற்ற நான்கு கூட்டத் தலைவர்களையும் ஒரே நாளில் தீர்த்துக் கட்டினான்.

1974-ல் வந்த இரண்டாம் பாகத்தில், துரோகம் செய்த சொந்த அண்ணனையே கொல்லச் சொன்னான். மனைவியும் பிரிந்தாள். 1990-ல் வந்த மூன்றாம் பாகத்தில், அவனுக்கு வைத்த குண்டு அவன் மகள் மீது பாய்ந்தது.

இருவரும் குற்றவாளிகளே. ஆனால் தந்தை, தக்காளிச் செடிகளுக்கு நடுவே பேரனுடன் விளையாடிக் கொண்டே இறந்தார்.

எல்லாரையும் வென்ற மகனோ, நாற்காலியில் தனியாக இறந்து விழுந்தான்.